முதல்வருக்கு மௌன அஞ்சலி

"எல்லாம் போன்லயே இருக்கு. அதைத் தேடிச் சரிபார்க்கக் கத்துத்தர லைப்ரரியில வாரம் ஒரு பீரியடா? நாளையிலிருந்து ரத்து" என்றார் கல்லூரி முதல்வர் மாசிலாமணி.

"சரிங்க சார்" என்றார் நூலகர் செங்கமலம்.

மறுநாள் முதல்வர் நூலகத்துக்குள் நுழைந்தபோது மாணவர்கள் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். அவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"முதல்வர் மாசிலாமணி காலமானார்னு போன்ல இருக்கு சார். பீரியடுதான் இல்லையே, அப்படியே நம்பிட்டோம். ஆபீஸ்ல அரைநாள் லீவும் விட்டுட்டாங்க."

"எழுதினவன் யாரு? என்னைக்கு எழுதினான்? எந்த ஊர் மாசிலாமணின்னு பார்க்க வேண்டாமா?"

செங்கமலம் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "குறிச்சுக்குங்க. இன்னைக்கு நம்ம பாடத்தை சாரே எடுக்கறாங்க."

பீரியட் ரத்தாகவில்லை. அஞ்சலிக்காகக் கிடைத்த அரைநாள் விடுமுறையை மட்டும் மாணவர்கள் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.