வானத்துக்குத் தூக்கிப் போட்ட பந்து

"நான் ஒரு கேட்சைக்கூட விட்டதில்ல. அப்புறம் ஏன் கோச் என்னை வெளியவே உக்கார வைக்கிறீய?"

கேட்டவன் பொன்ராஜ். தூத்துக்குடி கிரிக்கெட்டில் பத்து வருஷம் எல்லைக்கோட்டோரம் நின்றவன். பேஸ்பாலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தலைக்கனத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

கோச் ஜெசிந்தா அவனைவிட வயதில் இளையவள். அவள் பொன்ராஜை மைதானத்தின் கோடியில் போய் நிற்கச் சொன்னாள். மட்டையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் தளத்தில் போய் நின்றாள். அங்கிருந்து கடைசித் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன்.

பந்து உயரப் போனது.

பொன்ராஜ் பின்னால் ஓடி, பாய்ந்து, மல்லாக்க விழுந்து பிடித்தான். எழுந்ததும் கிரிக்கெட் பழக்கத்தில் பந்தை வானத்துக்குத் தூக்கிப் போட்டான். எல்லாரும் விசிலடித்தார்கள்.

பந்து கீழே வந்தபோது ஜெசிந்தா கடைசித் தளத்தில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அருமையான கேட்ச், அண்ணே. எனக்கு ஒரு ரன்."

அவன் முகம் செத்துப்போனது. கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் அத்தோடு சரி. இங்கே, பந்தைப் பிடித்த பிறகும் தளத்தில் நிற்பவர், பந்து வந்து சேருமுன் அடுத்த தளத்துக்கு ஓடலாம்.

"நான் என்ன பழகணும்?"

"பிடிக்காதீங்க."

"என்ன சொல்றீய?"

"பந்து விழுற இடத்துக்குப் பின்னால போங்க. அது உங்க காலுக்கு முன்னால விழணும். தொடக் கூடாது."

ஒரு கேட்சைக்கூட விடாதவன் அன்றிலிருந்து எல்லாவற்றையும் விட்டான். பழைய கிரிக்கெட் கூட்டாளிகள் வேலியோரம் நின்று சிரித்தார்கள்.

"ஏலே பொன்ராஜ், கையில என்ன ஓட்டையா?"

அவனுக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் தொடவில்லை.

ஒரு சாயங்காலம் அவனே ஓடி வந்தான்.

"கோச், பந்து விழும்போது நான் நிக்கல. முன்னால வந்துக்கிட்டிருக்கேன். அந்த வேகத்துலயே எறிஞ்சிரலாம்!"

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை. கடைசிக் கட்டம். பொன்ராஜின் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் கோப்பை. மூன்றாம் தளத்தில் எதிரணிக்காரன் ஓடத் தயாராக நின்றான். அவன் வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன்.

பந்து பொன்ராஜைப் பார்த்து எழும்பியது.

அவன் அதற்குப் பின்னால் போனான். முன்னால் வந்தான். பிடித்தான். வந்த வேகத்திலேயே கடைசித் தளத்தைப் பார்த்து எறிந்தான். எறிந்த வேகத்தில் குப்புற விழுந்தான்.

கண்ணெல்லாம் மண். ஒரே கூச்சல் கேட்டது. கத்துவது யார் பக்கம் என்று தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். ஓடி வந்தவன் தளத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்ணில் கிடந்தான்; தளத்தைக் காத்தவன் பந்தால் அவனைத் தொட்டிருந்தான். நடுவரின் கை அவுட் என்று உயர்ந்திருந்தது. பிடித்ததில் ஒருவன், எறிந்ததில் ஒருவன்; கோப்பை இவர்களுக்கு.

ஜெசிந்தா மைதானத்தைக் கடந்து வந்தாள். யாரையும் லேசில் பாராட்டாதவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பந்தை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்பத் தூக்கிப் போடுங்க, அண்ணே."