ஈப்போவிலிருந்து வரவேண்டிய பாட்டு

சிவதாணு முப்பத்தோரு வருஷம் சுசீந்திரம் பக்கம் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்றபிறகு ஜெசிந்தாவுக்குச் சீடரானார். நாகர்கோவிலில் நெட்வொர்க் வேலை சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. அதனாலென்ன, வகுப்பில் கைகட்டித்தான் உட்காருவார்.

அவர் மனைவி தங்கலீலா வில்லுப்பாட்டுக்காரி. போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கோயில் கொடைத் திருவிழாக்களில் அவள் பாடிய நூற்றுப்பத்து மணிநேரப் பாட்டை வீட்டுச் சேமிப்புப் பெட்டி ஒன்றில் ஏற்றி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று, ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் நேராக எடுத்துக்கொள்ளும் டோரண்டில் விட்டிருந்தார். போன ஞாயிறு பெட்டிக்குள் இருந்த டிஸ்க் செத்துப்போனது. இன்னொரு பிரதி எடுத்துவைக்கத் தோன்றவில்லை. இதற்குச் சமாதானமே கிடையாது.

முழுப் பாட்டும் இப்போது ஒருவரிடம்தான் இருந்தது. முன்பே டோரண்டில் எடுத்துவைத்திருந்த, மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் நடேசன். முகம் பார்த்ததில்லை, மின்னஞ்சல் பழக்கம் மட்டும்தான். தினமும் உங்கள் நேரப்படி மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை கணினியைத் திறந்து வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். சனிக்கிழமை மகள் வீட்டுக்குக் குடிபோகிறார், அந்தப் பழைய கணினி கூட வராது என்றும் எழுதியிருந்தார். அவர் இருந்த அடுக்குமாடியின் இணைப்பில் வெளியாள் உள்ளே நுழைய முடியாது. நடேசனின் கணினிதான் இங்கே வந்து பெட்டியின் கதவைத் தட்டவேண்டும்.

செவ்வாயன்று புது டிஸ்க் போட்டார் சிவதாணு. அன்று ஒன்றும் வரவில்லை. புதனும் வியாழனும் அப்படியே போயின. வியாழன் மாலை பொறுக்கமாட்டாமல், கொடுக்க மனமில்லை என்றால் நேராகச் சொல்லலாமே என்று நடேசனுக்கு எழுதிவிட்டார்.

வெள்ளி மதியம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள்.

"எல்லாக் கதவையும் தொறந்துட்டேன் டீச்சர். ஏன் ஒருத்தரும் வரல்ல?"

என்னென்ன செய்தார் என்று கேட்டாள். பெட்டியின் பாதுகாப்பை அணைத்தது, டோரண்டை அழித்து மறுபடி போட்டது, வெளியிலிருந்து வருகிறவரைப் பெட்டியிடம் அனுப்ப ரவுட்டரில் வழி விட்டிருந்ததை ஏழு தடவை சரிபார்த்தது எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் பெட்டியைத் தொடவேயில்லை.

"குடிமாறிப் போனவங்களுக்குக் கடிதாசி வந்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி?"

"பக்கத்து வீட்டுல விசாரிப்பேன். புது வீட்டுல கொண்டு கொடுப்பேன்."

"விசாரிக்கத் தெரியாத தபால்காரரா இருந்தா?"

"பழைய வீட்டுல போட்டுட்டுப் போயிருவான். அவன்லாம் ஒரு தபால்காரனா?"

"இந்த ரவுட்டர் அப்படித்தான். பெட்டியோட நம்பர் என்ன?"

வீட்டுக்குள் அந்தப் பெட்டிக்கு ரவுட்டர் கொடுத்த நம்பரைத்தான் கேட்டாள். சிவதாணு பெட்டியின் தலையில் தம் கையால் எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, கடைசி எண் பன்னிரண்டு என்றார்.

"சீட்டைக் கேக்கல்ல. பெட்டியைக் கேளுங்க."

திரையில் தேடினார். பதினேழு என்றிருந்தது. அப்படியானால் பன்னிரண்டில் யார் என்று ரவுட்டரின் பட்டியலைத் திறந்தார். கூடத்து டிவி. பெட்டி இரண்டு நாள் அணைந்து கிடந்தபோது ரவுட்டர் அந்த நம்பரை டிவிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. அவர் ஏழு தடவை சரிபார்த்த வழி, டிவியிடம் போய் முடிந்தது.

அந்த வழியில் இருந்த பன்னிரண்டைப் பதினேழு ஆக்கினார். பெட்டிக்கு இனி அந்த நம்பர் மாறாதபடி ரவுட்டரில் நிறுத்தியும் வைத்தார். தாமே செய்தார், ஜெசிந்தா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இரண்டு மணி தாண்டிப் பத்து நிமிஷத்துக்குத் திரையில் ஒன்றுமில்லை. நேற்று அப்படி எழுதிய பிறகு அந்த மனுஷர் எதற்குக் கணினியைத் திறக்கவேண்டும் என்று சிவதாணு நினைத்தார். நினைக்கும்போதே மலேசியா என்று ஒரு வரி வந்து நின்றது. சதவீதம் ஏற ஆரம்பித்தது.

முதல் பாட்டு முழுசாக வந்ததும் ஓடவிட்டார். தங்கலீலா காப்புப் பாட்டைத் தொடங்கினாள். கிழவர் அழுதார், மறைக்கவுமில்லை.

மூன்றேமுக்காலுக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. வியாழன் மாலை நடேசனுக்கு எழுதிய மின்னஞ்சலை ஃபோனில் எடுத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு நாளு வராத மனுஷன் இன்னைக்கு வந்துட்டாரு. அவருக்கு நான் என்னன்னு பதில் எழுத?"

"மூணு நாளும் வந்தாரு அண்ணாச்சி. டிவி தொறக்கல்லன்னு எழுதுங்க."