நூற்று எண்பத்திரண்டு கட்டம்

கோணவாய்க்கால் ஊரில் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதனால்தான் அங்கே ஒரு வேலையும் உருப்பட்டதில்லை.

பழைய டிராக்டர் வாங்கி விற்கிற வண்டிமலையானுக்கு மூக்குக்கு மேல் கோபம். பேரத்தில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. அப்பேர்ப்பட்ட மனுசன் அன்றைக்கு ஜாதகக் கடையில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். மகள் முப்பிடாதியின் ஜாதகத்தைப் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்காவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் மத்தியான பஸ்ஸில் வேறு பெண் பார்க்கப் போய்விடுவார்கள்.

கடைக்காரர்கள் பலவேசமும் அவன் தம்பி உலகுவும். புதிதாக வாங்கிய ரிப்போர்ட் சாஃப்ட்வேரில் அச்சடித்தார்கள். பெயர், ராசி, நட்சத்திரம், எல்லா எழுத்துக்கும் பதிலாகச் சின்னச் சின்னக் கட்டம் விழுந்தது.

“என்னவே இது? பொண்ணு ஜாதகமா, ஜன்னல் கம்பியா?”

“பொறுங்க அண்ணாச்சி” என்று பலவேசம் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டான்.

“மொழி இங்கிலீஷ்ல இருக்கும் சார். அதை எடுத்துட்டுத் தமிழை வைங்க” என்றாள் போனை எடுத்த கம்பெனிப் பெண்.

ஸ்க்ரூடிரைவரை விட்டு, கீபோர்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் நெம்பி எடுத்தார்கள். காலண்டரில் இருந்த தமிழ் எழுத்தைக் கத்தரித்தார்கள்.

“அண்ணே, எழுத்து இருநூத்தி நாப்பத்தேழு. குழி இருபத்தாறுதான இருக்கு?”

“பொண்ணு பேருல வார எழுத்தை மட்டும் ஒட்டு. மத்ததுக்கு இங்க என்ன சோலி?”

அப்புறமும் கட்டம்தான். மறுபடி போன்.

“என்கோடிங்னு ஒரு இடம் இருக்கும் சார். அதுல யூடிஎஃப் எட்டு வைங்க.”

“யூடிஎஃப்னா என்னண்ணே?”

“யாருக்குத் தெரியும்? எட்டு புரியுதுல்ல, அதை வை.”

எட்டுக் காப்பி எடுத்து வைத்தார்கள். எட்டிலும் கட்டம்.

வண்டிமலையான் கத்த வாயெடுத்த நேரம், மாப்பிள்ளையின் அப்பா சுடலைக்கண்ணு பையோடு உள்ளே நுழைந்தார். தாளை வாங்கினார், பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பைக்குள்ளிருந்து மகன் ஜாதகத்தை எடுத்தார். போன வாரம் இதே கடையில் அடித்தது.

“ஊர்ல எல்லாருக்கும் பன்னெண்டு கட்டம். என் மவனுக்கு மட்டும் நூத்தி எண்பது. இதுக்கு ஏத்த பொண்ணு எங்க கிடைக்கும்னு ராப்பகலா தவிச்சேன், அண்ணாச்சி!”

நாலு பேரும் தரையில் உட்கார்ந்து எண்ணினார்கள். முப்பிடாதிக்கு நூற்று எண்பத்திரண்டு.

“பொண்ணுக்கு ரெண்டு கூட இருக்கே” என்று சுடலைக்கண்ணு இழுத்தார். “வீட்டுல மவன் பேச்சு எடுபடாதே.”

பேரம் என்றதும் வண்டிமலையானுக்கு உயிர் வந்தது. “ஒண்ணை வெட்டி உங்க தாள்ல ஒட்டிருதேன். உமக்கும் நூத்தி எண்பத்தொண்ணு, எனக்கும் நூத்தி எண்பத்தொண்ணு. என்ன சொல்லுதீரு?”

உலகு கத்தரிக்கோலை நீட்டினான். பொருத்தம் முடிந்தது. மத்தியான பஸ் காலியாகப் போயிற்று.

அப்போது போன் அடித்தது. “நானே இங்கேருந்து மாத்திட்டேன் சார். இப்ப அடிச்சுப் பாருங்க.”

அடித்தார்கள். முத்து முத்தாகத் தமிழ் வந்து விழுந்தது. நடுவில் பன்னிரண்டே பன்னிரண்டு கட்டம்.

வண்டிமலையான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் செக்கச் செவேலென்று ஆனது. போனைப் பிடுங்கினார்.

“ஏம்மா! சம்பந்தி இன்னும் வாசல்கூட தாண்டல. அவருக்கு ஒண்ணு குடுத்தது போக, என் மவளோட நூத்தி அறுவத்தொம்பது கட்டத்தை எங்கம்மா கொண்டு போன? மரியாதையா திருப்பி அனுப்பு!”