முத்துக்கிளி கட்டிய தவணையும் சண்முகக்கனிக்கு வந்த கடனும்

ஒரு வழக்கைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்று கையைத் தூக்குகிற ஆளாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம்.

கடையநல்லூரில் முத்துக்கிளி என்று ஒருத்தி, இட்லி மாவு அரைத்து விற்பவள். கிரைண்டர் வாடகைக்கு எடுத்தது. லாபத்தில் பாதியை வாடகையே தின்றது. அந்தக் கிரைண்டரைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுக்கடன் கம்பெனியில் கடன் வாங்கி வந்தார்கள். ஒருத்திக்கு மற்ற நான்கு பேர் ஜாமீன். முத்துக்கிளியும் சேரப் போனாள். கம்ப்யூட்டர் அவளைத் தள்ளிவிட்டது. அவள் பேரில் பைக் வாங்கிய புருஷன், தவணை கட்டாமலே ஓடிப்போயிருந்தான்.

"என் பேர்ல வாங்கித் தாரேன்டி" என்றாள் அந்த ஐந்து பேரில் ஒருத்தியான சிநேகிதி சண்முகக்கனி. "நீ இத ஒழுங்கா கட்டிட்டா அடுத்த பெரிய கடனும் உனக்குத்தான். கிரைண்டர் வாங்கிக்கோ."

குழுத் தலைவி ராஜாமணி பக்கத்திலிருந்து கேட்டாள், தலையையும் ஆட்டினாள். பேர் மாற்றிக் கடன் எடுப்பது கம்பெனிக்குத்தான் குற்றம். தெருவில் அது ஒத்தாசை.

அந்தப் பணத்தில் முத்துக்கிளி மாவு வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள். இரண்டு வருஷம், ஒரு வாரம் தவறவில்லை. ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்கூடத் தோட்டை அடகு வைத்துத் தவணையைக் கொடுத்தனுப்பினாள். கடைசித் தவணையும் முடிந்தது. கிரைண்டர்காரரிடம் பேரம் பேசி விலையை முடித்து, சண்முகக்கனியிடம் சொன்னாள்.

பெரிய கடன் வந்தது. சண்முகக்கனி நேரே போய் அதே கிரைண்டரை, அதே விலைக்குத் தனக்கு வாங்கிக்கொண்டாள். எப்படி இருக்கிறது கதை?

முத்துக்கிளி வாசலில் போய் நின்றாள். "இது நியாயமாட்டி?"

"நீ ஒரு வாரம் கட்டாம விட்டிருந்தா கம்பெனிக்காரவ எவ வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருப்பாவ? ரெண்டு வருஷம் பயந்து செத்தது நான். அந்த நல்ல பேரும் அதுக்கு வந்த கடனும் எனக்குத்தான். நீ மாவு அரைக்க வா, வாடகை பழைய வாடகைதான்."

முத்துக்கிளி ராஜாமணியிடம் ஓடினாள். "நீங்க சாட்சி தானக்கா. கம்பெனில சொல்லுங்க."

"சொன்னா குழுவையே கலைச்சிருவாவ. மத்தவளுவ என்ன பாவம் செஞ்சாளுவ?" என்று ராஜாமணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். முத்துக்கிளிக்குத் துரோகம் செய்தது யார்? சண்முகக்கனியா, ராஜாமணியா?

விடை: இருவரும்தான். பயத்துக்குக் கூலி வேண்டுமென்றால் சண்முகக்கனி பேரைக் கொடுத்த அன்றே கேட்டிருக்க வேண்டும். அன்று வாக்கைக் கொடுத்துவிட்டு, பயமெல்லாம் தீர்ந்த பிறகு கூலி எடுத்துக்கொண்டாளே, அது துரோகம். ராஜாமணி கம்பெனியில் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்வீட்டுச் சண்முகக்கனியிடம் போய் "நானும் கேட்டேனே, இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்க எந்தக் கம்பெனி தடுத்தது? முத்துக்கிளி இன்றும் சண்முகக்கனி வீட்டுக்குப் போய்த்தான் மாவு அரைக்கிறாள், பிழைப்பு அப்படி. ராஜாமணியிடம்தான் அவள் பேசுவதில்லை.