கண்ணீர் அஞ்சலி ஒட்டியவனின் கட்டில்

தீர்ப்புச் சொல்லத் துணிந்தவர்கள் மட்டும் இந்தக் கதைக்குள் வாருங்கள். உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை.

தெற்குச் சீமையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். அதன் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர் மாதரசி. ஊழியர் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். பேராசிரியர்களின் மச்சான்மாருக்கும் மருமகன்மாருக்கும் டெண்டர்கள் போய்க்கொண்டிருந்த காலத்தில், வாயிற்கதவின் முன்னால் நாற்பத்தேழு நாள் உட்கார்ந்து ஒரு விதியைப் பிடுங்கி வாங்கியவள். துணைவேந்தரோ தூய்மைப் பணியாளரோ, தன் குடும்பத்தாருக்கோ உடன்பிறந்தாருக்கோ பல்கலைக்கழகத்தோடு வியாபாரம் இருந்தால், அதைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அந்த விஷயம் பேசப்படும் அறையிலிருந்து எழுந்து போய்விட வேண்டும். இதுதான் விதி. கொள்முதல் குழுவில் ஊழியருக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அதே போராட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். அந்த நாற்காலியில் மாதரசி அமர்ந்தாள்.

சில ஆண்டுகள் கழித்து, மாணவியர் விடுதிக்கு நூற்றிருபது இரும்புக் கட்டில் வாங்க அரசு மானியம் வந்தது. பழைய கட்டில்கள் துருப்பிடித்து ஒடிந்து, பிள்ளைகள் இரண்டு வருடமாகத் தரையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். மழை பெய்தால் சுவரோரம் பூரான் ஓடும். நிர்வாகம் வழக்கம்போல மானியத்தின் மேல் உட்கார்ந்திருந்து, மார்ச் மாதக் கடைசியில் விழித்துக்கொண்டது. முப்பத்தொன்றாம் தேதிக்குள் வாங்காவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும்.

இருபத்தொன்பதாம் தேதி காலை மூன்று கம்பெனிகளின் மாதிரிக் கட்டில்களை விடுதி முற்றத்தில் போட்டிருந்தார்கள். முதல் இரண்டையும் மாதரசி ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்தாள். மூன்றாவதன் தலைமாட்டில் 'தவசிமுத்து ஸ்டீல்ஸ்' என்று தகடு அடித்திருந்தது. தவசிமுத்து அவளுடைய அப்பா. கம்பெனியை இப்போது நடத்துவது அண்ணன் தங்கப்பழம். முப்பத்தொரு வருடத்துக்கு முன், அவள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மறுநாள், அவள் படத்தைப் போட்டுக் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டியவன் அவன். தன் சாவுச் செய்தியைத் தானே படித்துவிட்டுத்தான் அவள் கணவனோடு பஸ் ஏறினாள்.

அந்தக் கட்டிலைக் குனிந்து பார்த்தாள். கவிழ்த்துப் போடச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவினாள். அரை மணி நேரம் ஆயிற்று. குறை ஒன்றும் அகப்படவில்லை. மூன்றிலும் அதுவே உறுதி என்றார் குழுவின் இன்னொரு உறுப்பினரான நிதி அலுவலர்.

கூட்டம் தொடங்குமுன் அவள் படிவத்தைக் கேட்டாள். குழுத் தலைவர் பேராசிரியர் கிறிஸ்துதாஸ் கெட்டவர் அல்லர். நாற்பத்தேழு நாளில் பாதி நாள் அவளோடு வெயிலில் காய்ந்தவர்.

"எதுக்கும்மா படிவம்?"

"எங்கண்ணன் கம்பெனி சார்."

"எந்த அண்ணன்? உங்களை உயிரோட பாடையில ஏத்துனவனா? செத்துப்போனவளுக்கு ஏதும்மா அண்ணன்! 'இல்லை'ன்னு எழுதிட்டு உக்காருங்க. மூணு பேரும் இருந்தாத்தான் குழு செல்லும். மாத்து ஆள் போட துணைவேந்தர் கையெழுத்து வேணும். அவர் வெளிநாட்டுலேர்ந்து வர அஞ்சு நாள் ஆகும். நீங்க எந்திரிச்சுப் போனா பிள்ளைங்களுக்குக் கட்டில் போச்சு."

"ரெண்டு வருசம் முன்னாடி கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தரு, 'மருமகனோட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை'ன்னாரு. நாம விட்டோமா சார்?"

"அது வேற, இது வேற."

"அவரும் இதையேதான் சொன்னாரு."

'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே போனாள். குழு கலைந்தது. மானியம் திரும்பிப் போயிற்று.

குழு கலைந்த அன்று மாலையே விடுதிக்குப் போய்ப் பிள்ளைகளிடம் தானே சொன்னாள். முதுகலை படிக்கும் பொன்னுத்தாயி எழுந்து நின்றாள்.

"அக்கா, உங்க கை சுத்தமா இருக்கணும்னா எங்க முதுகு தரையில கெடக்கணுமா?"

மாதரசி அவள் பக்கம் திரும்பி, "நல்ல கேள்வி கண்ணு. எங்கிட்ட கேட்டதோட நிறுத்தாத. நிர்வாகத்துக்கிட்டயும் வந்து கேளு" என்றாள்.

மறுநாள் நிதி அலுவலர் அவளைக் கூப்பிட்டு, அதுவரை பிரிக்காதிருந்த டெண்டர் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே விதிப்படி, டெண்டர் போடுகிறவர்களும் பல்கலைக்கழகத்தில் தங்கள் உறவினர் யார் என்று எழுத வேண்டும். மறைத்தால் கருப்புப் பட்டியல். தங்கப்பழம் தன் கைப்பட எழுதியிருந்தான்: 'மாதரசி, ஆய்வக உதவியாளர். என் உடன்பிறந்த தங்கை.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"முப்பத்தொரு வருசமா ரத்தம் எழுத வைக்காததை நம்ம விதி எழுத வச்சிருச்சு பாத்தீங்களா சார்!"

இனித் தீர்ப்பு உங்களுடையது. பிள்ளைகளுக்காக 'இல்லை' என்று எழுதச் சொன்ன கிறிஸ்துதாஸ். செத்துப்போனாள் என்று அறிவித்த தங்கையை டெண்டர் தாளில் உயிர்ப்பித்த தங்கப்பழம். பிள்ளைகள் தரையில் கிடப்பார்கள் என்று தெரிந்தும் எழுந்து போன மாதரசி. இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: மாதரசி செய்ததே சரி. தங்கப்பழம் எழுதியது உண்மைதான். ஆனால் கருப்புப் பட்டியலுக்குப் பயந்து எழுதிய உண்மையின் பெருமை விதிக்குப் போகுமே தவிர அவனுக்குப் போகாது. கிறிஸ்துதாஸ் நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் பாசம் இருந்தால்தான் தராசு சாயும் என்று நினைத்துவிட்டார். பகையும் சாய்க்கும். இரண்டு கட்டிலுக்கு ஐந்து நிமிடமும் ஒரு கட்டிலுக்கு அரை மணி நேரமும் செலவழித்த தன் கண்ணை மாதரசியே நம்பவில்லை; நம்பாத கண்ணோடு தீர்ப்புக் கூற அவள் உட்காரவில்லை. கட்டில்கள் எட்டு மாதம் கழித்து, புதிய நிதியாண்டின் மானியத்தில் வந்தன. ஒருவர் எழுந்து போனாலும் குழு நிற்காதபடி இப்போது அங்கே மாற்று உறுப்பினர் ஒருவர் உண்டு. அதைக் கேட்டு வாங்கியவர்கள் அந்த விடுதிப் பிள்ளைகள்.