வாத்துக் கூட்டத்தின் முன்னிடம்

அந்தக் காலத்தில், மனிதரும் பறவைகளும் நின்று நலம் விசாரித்துக்கொண்ட நாளில், ரோமாபுரி ஆற்றங்கரையில் ஒரு காட்டு வாத்துக் கூட்டம் குளிர்காலத்தைக் கழித்துவந்தது. அதன் தலைவன் நெடுங்கழுத்தன். வேனில் வந்ததும் பனிமலையைத் தாண்டி வடக்கே போவார்கள். வழி முழுக்க அவனேதான் முன்னால் பறப்பான். வேறு யாராவது முந்தினால் கொத்திவிடுவான். போன ஆண்டு மலையுச்சியில் அவனுக்கு மூச்சு வாங்கி, கூட்டமே பாதியில் திரும்பியது. முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. ஐயா காற்றைத்தான் குறை சொன்னார்!

"இந்த வருஷமாவது முன்னிடத்தை யாருக்காவது விட்டுக்கொடுங்களேன்" என்றாள் மனைவி சாம்பலி.

"கொடுத்துட்டா என்னை எவன் மதிப்பான்?"

புறப்படுவதற்கு முந்தின நாள், நெடுங்கழுத்தன் சிந்திய தானியம் பொறுக்கிக்கொண்டிருந்த சந்தைத் தெரு வழியே அவுலுஸ் வந்தார். அவர் கான்சல், அதாவது ஓராண்டுக்கு நாட்டை ஆளும் இருவரில் ஒருவர். அவருக்கு முன்னால் பிரம்புக்கட்டு ஏந்திய சேவகர்கள் வழிவிலக்கிக்கொண்டு போவது வழக்கம். இன்றோ தனியாக, வறுத்த கொண்டைக்கடலையைக் கொறித்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, சேவகருங்க எங்கே? உங்களை விரட்டிட்டாங்களா?" என்று பதறினான் நெடுங்கழுத்தன்.

"வருஷம் முடிஞ்சுது, எறங்கிட்டேன்."

"வெட்கமா இல்லையா?"

அவுலுஸுக்குச் சிரிப்பில் புரையேறியது. "எதுக்குப்பா வெட்கம்? பதவியில இருந்தப்பவே ஒரு மாசம் நான் முன்னால, ஒரு மாசம் என் கூட்டாளி. நான் தப்பா ஒண்ணு செய்யப் போனா அவர் தடுப்பாரு. தனியா விட்டிருந்தா ஊரையே கவுத்திருப்பேன். இன்னைக்குத்தான் வயிறு நல்லாப் பசிக்குது. இந்தா, நீயும் தின்னு!"

நெடுங்கழுத்தன் கடலையை அலகில் கவ்வியபடியே கூட்டத்துக்குத் திரும்பினான்.

மறுநாள் கூட்டம் புறப்பட்டது. மலையுச்சியில் மறுபடி அவனுக்கு இறக்கை கனத்தது. பின்னாலிருந்து ஒருவரும் முந்தி வரவில்லை, கொத்துவானே என்ற பயம். திரும்பினால் இந்த ஆண்டும் குஞ்சு கிடையாது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வாத்துக்கு ஏது பல், அலகைக் கடித்துக்கொண்டு விலகினான்.

"சாம்பலி, நீ முன்னால போ!"

அவன் இரண்டாம் முறை சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. வரிசையின் கடைசிக்கு வந்தவன் அசந்துபோனான். முன்னால் பறப்பவர்களின் இறக்கைக் காற்று அவனைத் தாங்கிப் பிடித்தது. அடடா, இத்தனை சுகமா இங்கே! சாம்பலி களைத்ததும் இன்னொருத்தி, அவளுக்குப் பின் இன்னொருவன் என்று மாறி மாறிப் பறந்து மலையைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஆண்டு ஏரிக்கரை முழுக்கக் குஞ்சுகள்.

அன்று முதல்தான் காட்டு வாத்துகள் முறைவைத்து முன்னால் பறக்கின்றன, பின்வரிசையிலிருந்து ஓயாமல் ஒரு கூச்சலும் கேட்கிறது: "போதும், எறங்கி வாங்க, இங்கே சுகமா இருக்கு!"