அஞ்சே நிமிஷம்

கேபிள் டிவி அலுவலகத்தில் வருடக்கணக்காகப் போன் எடுத்துப் பழகியவர் திருமேனி. மழையில் படம் போய்விட்டதென்று யார் கத்தினாலும் அவரிடம் ஒரே பதில்தான். "ஆள் கிளம்பிட்டாங்க சார், வந்துட்டே இருக்காங்க." ஆள் அப்போது எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆனாலும் கத்தியவர் தணிந்துபோவார்.

அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். திருமேனி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அழைப்பை எடுத்து, இடம் கேட்டு, வண்டி அனுப்புகிற வேலை. கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா. அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். அவர் அவளை மேடம் என்றார், அவள் அவரை அண்ணே என்றாள்.

ஒருநாள் காலை, ஜெசிந்தா எடுத்த அழைப்பை அவரும் கூடவே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி.

"வண்டி வர இருபது நிமிஷம் ஆகும்" என்றாள் ஜெசிந்தா.

"இருபதா? அங்க என்ன தாயம் விளையாடுறீங்களா?"

"அப்பாவைச் சாய்ச்சு உக்கார வைங்க. வண்டி வாசல் வரைக்கும் வருமா, தெருமுனைக்குத் தூக்கிட்டு வரணுமா?"

அழைத்தவர் இன்னும் திட்டினார். அவள் இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்டாள். அழைப்பு முடிந்ததும் திருமேனியால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடும்னு சொன்னா என்ன மேடம்? எப்படிச் சொன்னாலும் வண்டி வர்றப்பதான் வரும். அந்த மனுஷனுக்கு ஒரு ஆறுதலா இருந்திருக்கும்."

அடுத்த இருக்கையில் இருந்த யாஸ்மின் சிரித்தாள். "அண்ணே, எங்க வீட்ல படம் தெரியல. ஆள் வருவாங்களா?"

திருமேனியும் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "தவிச்சுக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட இருபது நிமிஷம்னு சொல்ல எப்படி மேடம் மனசு வருது?"

 ஜெசிந்தா எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அழைப்பு விளக்கு எரிந்தது. ஒரு பெண். மக்காச்சோளக் காட்டில் அவள் புருஷனைக் காலில் கட்டுவிரியன் கடித்திருந்தது. திருமேனி ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், எல்லாம் சரியாகவே கேட்டார். கிட்டத்தில் இருந்த வண்டிகூட மலைக்கு அந்தப் பக்கம் நின்றது. வந்து சேர அரை மணி நேரம் என்று திரை காட்டியது.

"எப்பண்ணே வரும்? எனக்குக் கையே ஓடலண்ணே."

"வந்துட்டே இருக்கும்மா. அஞ்சே நிமிஷம். பயப்படாதீங்க."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று தணிந்தது. திருமேனி நாற்காலியில் சாய்ந்து, பார்த்தீர்களா என்பதுபோல ஜெசிந்தாவைப் பார்த்தார்.

அவள் கையை நீட்டி ஒலியைக் கூட்டினாள்.

அந்தப் பெண் போனை விட்டு முகத்தைத் திருப்பி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மாசானண்ணே, வேணாம். ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்காம். அவரை இறக்கிடுங்க."

அதுவரை பின்னால் ஒரு ஆட்டோ தடதடத்துக்கொண்டிருந்தது. திருமேனி அதைக் கவனித்திருக்கவில்லை. இப்போது அது நின்றது. ஏதோ கோழி கேறுவது மட்டும் கேட்டது.

"அம்மா! இறக்காதீங்க!" திருமேனி எழுந்தே விட்டார். "நான் சொன்னது தப்பு. வண்டி வர அரை மணி நேரம் ஆகும். ஆட்டோவை எடுக்கச் சொல்லுங்க. காலை அசைக்காம வெச்சுக்கங்க, இறுக்கிக் கட்டாதீங்க. எங்க வண்டி எதிர்ல வந்து ஏத்திக்கும்."

அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது.

"அடப்பாவி! சாகக் கிடக்கிற மனுஷன் உசுரோடயா விளையாடுற? நீ நல்லா இருப்பியா?"

"திட்டிக்கிட்டே ஏறுங்கம்மா. ஏறுங்க."

ஆட்டோ இருமிவிட்டுக் கிளம்பியது. அவள் திட்டிக்கொண்டே போனாள். சிக்னல் போகும்வரை திருமேனி கேட்டுக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அதற்குள் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து, ஆட்டோ வருகிற சாலையைச் சொல்லியிருந்தாள்.

பிறகு டிரைவர் கூப்பிட்டார். "பால் சொசைட்டி பக்கத்துல ஏத்திட்டோம் மேடம். ஊசி போட்டாச்சு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். பேசுறாரு."

 திருமேனி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஜெசிந்தா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னதும் எல்லாருக்கும் நிம்மதியா இருந்துச்சு மேடம்" என்றார் அவளைப் பார்க்காமல். "அந்தம்மாவுக்கு. ஆட்டோக்காரருக்கு. எனக்கும்தான்."

"கடிபட்ட காலுக்கு?" என்றாள் ஜெசிந்தா.